உன் சத்தியத்தைத் தலைமுழுகிவிட்டேன்

வண்டியூர், மதுரை
12.10.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகம், அப்பா சுகம், தையல் மெஷின் சுகம், மாடியில் நீ வைத்துவிட்டுப் போன கற்றாழையும் சுகம். உன்னைச் சுகமா என்று பொதுவாகக் கேட்டால் எதைப் பற்றிக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பாய், அதனால் பிரித்துப் பிரித்தே கேட்கிறேன். வலது கன்னத்துக்கு உள்பக்கம் இருக்கிற புண் ஆறிவிட்டதா, இடது பக்கத்துப் புண் எப்படி இருக்கிறது, சோறு இறங்குகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா. நாலு கேள்விக்கும் நாலு பதில் போடு. புண் விஷயம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிப்பாய். உன் அறைத்தோழி சரண்யாதேவி சொன்னாள், அவளைத் திட்டாதே, தேனிக்காரப் பிள்ளை, நல்ல மனசு, அவள் சொல்லாவிட்டால் எனக்கு இந்த ஜென்மத்தில் தெரிந்திருக்காது. போனில் பேசினால் என் குரல் ஏறி இறங்குவது உனக்குத் தலைவலி, வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியிலேயே கை பட்டு அனுப்பிவிடுகிறேன், தாளில் எழுதினால் நாலு தடவை படித்துப் பார்க்கலாம் என்று நீதான் சொன்னாய், அதனால்தான் இத்தனை பக்கம். கடைசிவரை காக்க வைத்துச் சொல்வது உனக்குப் பிடிக்காது என்பதால் முக்கியமான செய்தியை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜூலை மாதம் குலசாமி கோயிலில் என் தலையில் கை வைத்து, சாப்பாட்டைத் தவிர வாயில் எதையும் வைக்க மாட்டேன் என்று நீ செய்த சத்தியம் இப்போது இல்லை. கழித்தாகிவிட்டது. எப்படிக் கழித்தோம், அது செல்லுமா செல்லாதா என்கிற விவரமெல்லாம் கீழே ஒவ்வொன்றாக வருகிறது.

அதற்கு முன் வீட்டுச் செய்தி கொஞ்சம். தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள்தான், கட்டில் முழுக்க ஜாக்கெட்டுத் துணி குவிந்து கிடக்கிறது, அப்பா படுக்க இடமில்லாமல் தரையில் பாய் போட்டுப் படுக்கிறார். இந்த ஊர்க்காரர்களுக்கு வருஷம் பூரா துணி எடுக்கத் தோன்றாது, கடைசி வாரத்தில்தான் எல்லோருக்கும் ஒரேயடியாக ஞானம் பிறக்கும். பின்தெரு தங்கப்பொண்ணு போன வருஷத்து ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்துவிட்டு அச்சு அசலா இதே மாதிரி தச்சுரு என்கிறாள். அவள் போன வருஷம் மாதிரியா இருக்கிறாள்! வாயைத் திறந்து சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்வாள், நான் ஒன்றும் பேசாமல் பக்கத்துக்கு அரை இஞ்ச் விட்டுத் தைத்துவிட்டேன், போட்டுப் பார்த்துவிட்டு, பாத்தியா நான் அப்படியேதேன் இருக்கேன் என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போகிறாள். அப்பாவின் மினிபஸ்ஸில் புதுப் பாட்டுப்பெட்டி மாட்டியிருக்கிறார்கள், அதன் சத்தத்தில் யார் இறங்க வேண்டும் என்று கத்துகிறார்கள் என்றே கேட்கவில்லையாம், நேற்று ஒரு பெரியவரை ரெண்டு நிறுத்தம் தாண்டி இறக்கிவிட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்கிறது, சாயங்காலம் சுண்டல் வண்டியும் பலூன்காரரும் போட்டிங்குக்கு நிற்கிற கூட்டமுமாக உனக்குப் பிடிக்காத எல்லாமும் இருக்கிறது. ஆனால் காலை ஆறு மணிக்கு நீ சுற்றி நடக்கிற பக்கம் பழையபடி அமைதியாகத்தான் இருக்கிறது, நானே போய்ப் பார்த்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பதினேழாம் தேதி புதன்கிழமை மத்தியானம் நீ போன் செய்தாய். நீயாகப் போன் செய்வதே அதிசயம். அம்மா இருக்கியா என்றாய், இருக்கேன் தாயி என்றேன், சரி என்று வைத்துவிட்டாய். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அதே கேள்வி. ராத்திரி படுக்கப் போகும் முன் மறுபடி. மறுநாள் அஞ்சு தடவை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது, அம்மாவைத் தேடுகிறாள் என்று ஒரே பெருமை. மலையாண்டி மாமாவுக்குப் போன் போட்டு, எம்மக புனேயிலருந்து ஒரு நாளைக்கு அஞ்சு தடவ பேசுறாண்ணே, ஒங்க மக கட்டிக்குடுத்தப்பறம் எம்புட்டு தடவ பேசுச்சு என்று பீற்றிக்கொண்டேன். என் புத்தி அப்படி. அப்பாதான், என்னமோ சரியில்லடி, இருக்கியான்னு கேட்டுட்டு டக்குன்னு வச்சுர்றா, இது என்னா பேச்சு என்று ரெண்டு தடவை சொன்னார். ஒங்ககிட்ட கேக்கலைன்னு ஒங்களுக்கு வயித்தெரிச்சல் என்று நான் அவர் வாயை அடைத்துவிட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி சரண்யா போன் போட்டாள். ஆன்ட்டி, வாணி மெஸ்ல சோறு திங்காம ரசத்த மட்டும் குடிக்கிறா, வாயத் தெறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்தேன், ரெண்டு கன்னத்தையும் உள்ளயே கடிச்சுப் புண்ணாக்கி வச்சிருக்கா என்றாள். கழுத்தில் போட்டு மெல்லுகிற ரப்பர் டாலர் எங்கடி என்று கேட்டால் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாயாம், அவள் எடுத்துக் கொடுத்தால் கையைத் தட்டிவிடுகிறாயாம். ஏண்டி இப்படிப் பண்ணுற என்று கேட்டதற்கு, அதக் கடிச்சா எங்கம்மா செத்துருவாங்க என்றாயாம். பதினேழாம் தேதி தேர்வு எழுதும்போது உன்னை அறியாமல் பேனா மூடியைக் கடித்துவிட்டாய், வெளியே ஓடிவந்துதான் எனக்குப் போன் செய்திருக்கிறாய். நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்கத்தான் அத்தனை போனும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தைத்துக்கொண்டிருந்த துணி மேலேயே தலையை வைத்து அழுதேன் தாயி. பதினோரு நாள் நீ அங்கே நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாய், நான் இங்கே அதைச் சொல்லி ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். தங்கப்பொண்ணு வந்து என்னடி ஆச்சு, யாரு போயிட்டா என்று கேட்கிறாள், யாரும் போகவில்லை, நான் இருக்கிறேன் என்றுதான் அழுகிறேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது.

அப்பா வந்ததும் சொன்னேன். அவர் சத்தம் போடுவார் என்று பார்த்தேன், போடவில்லை, அதுதான் இன்னும் மோசம். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நீ நாள் பூரா வெத்தல அரைக்கிற, ஒன்ன யாராச்சும் சத்தியம் பண்ணச் சொன்னாகளா என்று மட்டும் கேட்டார். எனக்குச் சுருக்கென்று பட்டது. சோழவந்தானில் கொடிக்காலுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள், பதினாறு வயதில் போட ஆரம்பித்த வெற்றிலை இன்னும் வாயை விட்டுப் போகவில்லை, நூல் அறுக்கக் கத்திரிக்கோல் பக்கத்திலேயே இருந்தாலும் பல்லால்தான் கடிக்கிறேன், ஊசியை உதட்டில் வைத்துக்கொண்டே பேசுகிறேன். இத்தனையும் வாயில் வைத்துக்கொண்டு நான் உன்னிடம் வாயில் எதையும் வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன் பார். சரி, பிள்ளை படுகிற பாட்டை நாமும் பட்டுப் பார்ப்போம் என்று மறுநாள் காலையிலிருந்து வெற்றிலையை நிறுத்தினேன். முதல் நாள் பொழுது ஓடியது. ரெண்டாம் நாள் ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன், அப்பா குழம்பில் உப்பு என்று வாயெடுத்ததும் கரண்டியைத் தூக்கிவிட்டேன், சிலிண்டர் கொண்டுவந்த தம்பியிடம் சண்டை. மூன்றாம் நாள் அப்பாவே மாசி வீதிப் பக்கம் போய் ஒரு கவுளி வெற்றிலை வாங்கிவந்து, ஆத்தா மகமாயி போட்டுக்க என்று கையில் கொடுத்துவிட்டார். மூன்று நாளுக்கே எனக்கு இந்த ஆட்டம், நீ மூன்று மாதம் இருந்திருக்கிறாய்.

அது உனக்குக் கெட்ட பழக்கம் இல்லை, உன் உடம்புக்கு வேண்டியது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்திருந்தும் செய்தேன் என்பதுதான் என் குற்றம். உனக்கு நாலு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள், அதற்கும் முன்னாலிருந்தே நீ மெல்லுவாய். டிவி ரிமோட்டில் ஏழாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் போன வழி தெரியாது, குடைக்குப் பிடி கிடையாது, என் சேலைகளில் முந்தானை நுனி எதுவும் முழுசாக இருக்காது, பள்ளிக்கூடத்து அடையாள அட்டையின் கயிற்றை வருஷத்துக்கு நாலு தடவை மாற்றினோம். ஆறாம் வகுப்பில் யாரோ சொன்னார்கள் என்று உன் சட்டைக் காலரில் வேப்பெண்ணெய் தடவி அனுப்பினேன் ஞாபகம் இருக்கிறதா, விட்டுவிடுவாய் என்று நினைத்தால் நாலாம் நாள் காலரை முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னைக்கு ஏன் தடவல என்று கேட்டாய். அன்றைக்கு அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கே.கே. நகர் பயிற்சி மேடத்திடம் போனோம், நிறுத்தப் பார்க்காதீர்கள், மெல்லத் தகுந்த பொருளாக மாற்றிக் கொடுங்கள், பள்ளிக்கூடம் போகும் முன் காரட்டு, முறுக்கு, கடலைமிட்டாய் என்று தாடைக்கு வேலை வைக்கிறதைத் தின்னக் கொடுங்கள் என்று அவர் சொன்னார். சிலிக்கான் டாலர் வாங்கினோம், நான் கோராத் துணியைக் கஞ்சி போக ரெண்டு தடவை கொதிக்க வைத்து நாலு மடிப்பாகத் தைத்து மணிக்கட்டுப் பட்டை செய்து கொடுத்தேன். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் நீ அதை வைத்துத்தான் எழுதினாய், கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாய். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, நான்தான் கெடுத்தேன்.

ஏன் கெடுத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் பிள்ளைகள் சிரிப்பார்கள், உன் நல்லதுக்குத்தான் என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னேன், அது பாதி உண்மை. மே மாதம் மலையாண்டி மாமா மகள் கல்யாணத்தில் நீ மண்டபத்து மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டாலரை மென்றுகொண்டிருந்தாய், அம்புட்டு மேளச் சத்தத்திலும் சமர்த்தாகத்தான் இருந்தாய். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி உன்னைக் காட்டி, இது யாரு வீட்டுப் புள்ள, இம்புட்டு வளத்தியா இருந்துக்கிட்டு பால்குடி மாதிரி வாயில வச்சுச் சப்புது என்று என்னிடமே கேட்டாள். எம்மகதேன், அவளுக்கு அது வேணும், ஒங்களுக்கு என்ன வந்துச்சு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தையல் கடையில் நாலு பேரை வாயாலேயே விரட்டுகிறவள் நான், அன்றைக்கு வாய் வரவில்லை. பந்தியில் இலை போதுமா என்று பார்க்கப் போகிறவள் மாதிரி நகர்ந்து போய்விட்டேன். உன்னைத் தெரியாதவள் மாதிரி போய்விட்டேன் தாயி. நீ கவனித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் உன்னை நினைத்து வெட்கப்பட்டேன் என்பது உண்மை. அந்த வெட்கத்தை உன் நல்லதுக்கு என்று பெயர் மாற்றி உன் தலையில் கட்டினேன், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஜூலை ஆறாம் தேதி, நீ புனே கிளம்பும் முன் கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கம் நம் கருப்பு கோயிலுக்குப் போனோமே, அங்கே சூடத்தை ஏற்றி வைத்து, எந்தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணு என்று சொன்னேன். நீ கை வைக்கும் முன் ஒரு கேள்வி கேட்டாய், மீறுனா என்ன ஆகும் என்று. நான் யோசிக்கவே இல்லை, மீறுனா அம்மா இருக்க மாட்டேன் என்றேன். எல்லா அம்மாக்களும் சொல்கிறதுதான் இது. எங்கள் அம்மா என்னிடம் இதையே இருபது தடவை சொல்லியிருப்பாள், சினிமாவுக்குப் போக மாட்டேன், ஆற்றில் குளிக்க மாட்டேன் என்று நானும் இருபது தடவை சத்தியம் செய்து இருபது தடவையும் மீறியிருக்கிறேன், எழுபத்து மூன்று வயதில் அவள் சோழவந்தானில் ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள். சத்தியம் என்றால் எங்களுக்கெல்லாம் அப்படித்தான், அந்த நேரத்து வாய்ப்பேச்சு. நீ சொன்னால் சொன்னதுதான், கேட்டால் கேட்டதுதான் என்று பதினெட்டு வருஷம் உன்னோடு இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. நீ கையை என் தலையில் அழுத்தி வைத்தாய், பிறகு சூடத்தை உள்ளங்கையால் அணைத்தாய், கை சுட்டிருக்கும், ஒன்றும் சொல்லவில்லை.

இந்தச் சத்தியம் கருப்பிடம் செய்தது, அம்மா மட்டும் வேண்டாம் என்று சொன்னால் போகாது என்று நீ சரண்யாவிடம் சொன்னாயாம். நீ சொன்னது சரி. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை, அஞ்சாம் தேதி, அப்பா லீவு போட்டுவிட்டு வண்டியில் என்னைக் கூட்டிப் போனார். பூசாரி மொக்கைச்சாமிக்கு இப்போது நாலுவழிச் சாலையில் பஞ்சர் கடை, லாரி டயர் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கைக்கரியோடு வந்தார், வந்து குளித்து விபூதி பூசியதும் ஆளே வேறு. நடந்ததைச் சொன்னேன். பிள்ளை வராமல் கழிக்க முடியுமா என்று கேட்டேன், ஏனென்றால் நீ முதலில் அதைத்தான் கேட்பாய். அவர், கை வச்சது யாரு தலையில என்றார். எந்தலையில என்றேன். வாங்குன ஆளு யாரு என்றார். நாந்தேன் என்றேன். அப்பறம் புள்ள எதுக்கு வரணும், ஒந்தலைக்குத் தண்ணிய ஊத்திட்டா முடிஞ்சு போச்சு, அது வாங்குன ஆளு குத்தம், குடுத்த ஆளு மேல ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டார். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு மூன்று குடம் தண்ணீர். மெதுவாக ஊற்றுவார் என்று பார்த்தால் லாரி கழுவுகிற மாதிரி ஊற்றுகிறார், போட்டிருந்த சுங்குடிச் சேலையின் சாயம் இறங்கிக் கழுத்தெல்லாம் சிவப்பு, அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஈரத்தோடு கருப்புக்கு முன்னால் நின்றேன். அவர் காலடியில் யாரோ நேர்த்திக்கு வைத்த சுருட்டுக் கட்டு இருந்தது, பூசாரி ஒன்றைப் பற்றவைத்துச் சாமி வாய்ப் பக்கம் காட்டினார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை, சாமி நீ மட்டும் நாள் பூரா சுருட்ட வாயில வச்சிருக்க, எம்மக ஒரு ரப்பர வச்சா ஒனக்குப் பொறுக்கலையா என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். யக்கா, அவரு ஒண்ணும் சொல்லல, நீயா வாங்கிட்டு அவர ஏன் வம்புக்கு இழுக்குற என்று மொக்கைச்சாமி சிரிக்கிறார். அதுவும் சரிதான், கருப்பு எங்கே கேட்டார், கேட்டது நான். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு சூடத்தை ஏற்றி நான் சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் இங்கே எழுதுகிறேன்: எம்மக இசைவாணி எனக்குக் குடுத்த சத்தியத்த நான் அவகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன், அவ எதக் கடிச்சாலும் எதுவும் ஆகாது, எனக்கும் ஆகாது, அவளுக்கும் ஆகாது, கருப்பு சாட்சி. இந்தத் தடவை சூடத்தை அணைத்தது என் கை. இன்னும் கொஞ்சம் கொப்புளம் இருக்கிறது, நீ அன்றைக்கு எப்படிச் சத்தம் காட்டாமல் நின்றாய் என்று தெரியவில்லை.

இதற்கு மேலும் நீ ரெண்டு கேள்வி கேட்பாய் என்று எனக்குத் தெரியும். பேனா மூடியைக் கடித்தபோது சத்தியம் இருந்ததே, அப்போது ஏன் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது ஒன்று. ஏனென்றால் அந்தச் சத்தியத்துக்கு எப்போதுமே அந்தச் சக்தி கிடையாது, மீறினால் அம்மா இருக்க மாட்டேன் என்று நான் சொன்னது பொய். கோபத்திலும் பயத்திலும் பெரியவர்கள் சொல்கிற பொய்களில் அது ஒன்று. அப்படியானால் பொய்யை எதற்குத் தண்ணீர் ஊற்றிக் கழிக்க வேண்டும் என்பது ரெண்டாவது. பொய்யாக இருந்தாலும் நீ அதை மூன்று மாதம் சுமந்திருக்கிறாய், அதை இறக்கி வைக்க ஒரு இடம் வேண்டுமே, அதற்காகத்தான். எனக்கு இதற்குமேல் விளக்கத் தெரியவில்லை. கோயிலுக்குப் போய்வந்து இன்றோடு ஏழு நாள் ஆகிறது, தடுமலைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை, தடுமலுக்குக் காரணம் மொக்கைச்சாமி.

இதோடு பார்சலும் அனுப்புகிறேன், அதில் உனக்குப் புது டாலர் ரெண்டு இருக்கிறது, பச்சை கெட்டி, நீலம் கொஞ்சம் மெது. பச்சையை நானும் பத்து நிமிஷம் மென்று பார்த்தேன், சோப்புப் போட்டுக் கழுவிக் கொதிநீரில் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், அருவருப்புப் படாதே. ருசி ஒன்றும் இல்லை, ஆனால் மூன்றாவது நிமிஷத்தில் தாடை அடங்கி மனசும் ஒரு இடத்தில் உட்காருகிறது, இத்தனை வருஷமாக நீ சொன்னது இதுதானா என்று அப்போதுதான் தெரிந்தது. புண் ஆறும்வரை நீலத்தை மட்டும் மெல்லு, முறுக்கும் கடலைமிட்டாயும் அதற்குப் பிறகு பிரி. புண்ணைக் கல்லூரி டாக்டரிடம் இந்த வாரமே காட்டு, நானாகக் கடித்தது என்று மறைக்காமல் சொல்லு. டாலரை ராத்திரி ராத்திரி கழுவு, பல் பட்டுக் கீறல் விழுந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடு, பிய்ந்த துண்டு தொண்டைக்குள் போகக் கூடாது. மணிக்கட்டுப் பட்டை ஆறு தைத்திருக்கிறேன், எல்லாம் வெள்ளை, சாயம் கிடையாது, ஈரமானால் மாற்றிக்கொள். யாராவது என்ன இது என்று கேட்டால் ஒரே வரியில் சொல்லு, இது இருந்தால்தான் எனக்குக் கவனம் நிற்கும் என்று, அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள், பேச்சு வராத நேரத்தில் அட்டையைக் காட்டு. யாராவது பாக்குப் பொட்டலம் கொடுத்தால் வாங்காதே, மெல்லுகிறதுதானே என்று சொல்வார்கள், அது வேறு இது வேறு. நானும் பாக்கை விட்டுவிட்டு வெறும் வெற்றிலைக்கு வந்திருக்கிறேன், எத்தனை நாள் தாங்கும் என்று அப்பா கேலி செய்கிறார்.

தீபாவளிக்கு நீ வரவில்லை என்று எனக்கு வருத்தம் இருந்தது, இப்போது இல்லை, இந்த வெடிச்சத்தத்தில் வந்து நீ என்ன செய்வாய், டிசம்பரில் வா. சரண்யாவுக்குத் தனியாக ஒரு டப்பா அதிரசம் வைத்திருக்கிறேன், அதில் உனக்குப் பங்கு கிடையாது. அப்பா உன்னை ரொம்பத் தேடுகிறார், வாய் விட்டுச் சொல்ல மாட்டார், உன் கற்றாழைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தண்ணீர் ஊற்றுகிறார், அழுகிப்போகும் என்றாலும் கேட்பதில்லை. நீ நல்லா இருக்கணும், படிப்பு நல்லா வரணும், வாய் நிறையச் சாப்பிடணும், நல்ல மனுஷர்களாகவே உனக்கு வாய்க்கணும் என்று உச்சி மோந்து சொல்கிறேன், தலையைத் தொட்டால் உனக்குப் பிடிக்காது என்பதால் தாளிலேயே மோந்துகொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. தீபாவளியும் அதுவுமா இத எதுக்குடி எழுதுற என்கிறார் அப்பா, எழுதாவிட்டால் நீ பின்னால் தனியாக உட்கார்ந்து குழம்புவாய், அதனால் எழுதியே ஆக வேண்டும். நான் ஒரு நாள் சாவேன். எல்லா அம்மாவும் ஒரு நாள் சாவார்கள். வயதாகியோ நோய் வந்தோ நடக்கும், எப்போது என்று எனக்குத் தெரியாது, ரொம்ப வருஷம் உன்னோடு இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அது எந்த நாளாக இருந்தாலும் அன்றைக்கு நீ எதையாவது மென்றிருப்பாய், ஏனென்றால் நீ தினமும் மெல்லுகிறவள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நீ செய்த எதனாலும் அது நடக்காது. இதை நல்ல புத்தியோடு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், இந்தப் பக்கத்தை மட்டும் தனியாகப் பத்திரமாக வைத்துக்கொள். அன்றைக்கு வீடு நிறைய ஆள் இருக்கும், கொட்டுச் சத்தமும் அழுகைச் சத்தமும் இருக்கும், உனக்குத் தாங்காது. நீ மெல்லு தாயி. எல்லோரும் பார்க்கட்டும், நீ பாட்டுக்கு மெல்லு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
ஜெ. தமிழ்ச்செல்வி

இதற்குச் சாட்சி, அப்பா ஜெயபாண்டி